பழைய ஜிசிசியைத் தூக்கிவிடலாமா? லினக்ஸ் கேள்வி பதில்

ஈரோட்டுக் கல்லூரி மாணவி: அண்ணா, என் லேப்டாப்பில் உபுண்டு 22.04. ஜிசிசி கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி) 11-ஆம் பதிப்பு இருக்கிறது, புராஜெக்டுக்கு 12 வேண்டும். பழையதை எடுத்துவிட்டு ஏற்றட்டுங்களா?

எடுக்க வேண்டாம்மா. ஜிசிசி-12, சி++ நிரலுக்கான ஜி++-12 இரண்டும் உபுண்டுவின் நிறுவும் கருவியான ஏபிடியிலேயே கிடைக்கும். 11 பக்கத்தில் அது பாட்டுக்கு இருக்கட்டும். 'அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்' போட்டு ஜிசிசி என்ற பெயரையே 12-க்குத் திருப்பிவிடச் சொல்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. அந்தப் பெயரை நம்பி வேறு வேலைகளும் நடக்கின்றன. டிகேஎம்எஸ் என்ற கருவி கிராஃபிக்ஸ் டிரைவரைக் கட்டும்போது, லினக்ஸின் மையமான கர்னலைக் கட்டிய கம்பைலரோடு ஒத்துப்போகாவிட்டால் முரண்டு பிடிக்கலாம்.

புராஜெக்டுக்கு மட்டும் சிசி, சிஎக்ஸ்எக்ஸ் என்ற இரண்டு மாறிகளில் புதுக் கம்பைலரின் பெயரைக் கொடுத்து, கட்டும் வேலையைத் தயார்செய்யும் சிமேக்கை ஓட்டுங்கள். ஏற்கெனவே ஓட்டியிருந்தால் பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். முதல்முறை பார்த்த கம்பைலரை சிமேக் தன் கேஷ் என்ற குறிப்புக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அப்புறம் என்ன சொன்னாலும் காதில் வாங்காது. இது தெரியாமல் எனக்கு ஒருமுறை அரை நாள் போனது.

பொள்ளாச்சி நண்பர்: ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளம் போட்டேன். ஜிசிசியையே காணோமே?

அங்கே 'சிசி' என்ற கட்டளை கொடுத்தால் ஓடுவது கிளாங் என்ற வேறு கம்பைலர். 2014-இல் வந்த 10.0 முதல் அதுதான் இயல்பு. ஜிசிசி ஜிபிஎல் 3-ஆம் பதிப்பு உரிமத்துக்கு மாறியபோது ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள் அதன் 4.2.1 பதிப்பிலேயே நின்றுவிட்டார்கள். தேவையென்றால் அதன் நிறுவும் கருவியான பிகேஜியில் ஜிசிசியை இறக்கிக்கொள்ளலாம்.

திருப்பூர் வாசகர்: 8 ஜிபி ரேம். மேக் -ஜே8 (ஒரே நேரத்தில் எட்டு வேலையாகக் கட்டச் சொல்லும் கட்டளை) கொடுத்தால் பாதியில் 'கில்டு' என்று நின்றுவிடுகிறது.

ரேம் தீர்ந்து கர்னல் கம்பைலரைக் கொன்றிருக்கும். கர்னலின் குறிப்புகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் பார்த்தால் தெரியும். -ஜே2 வைத்து ஓட்டுங்கள்.

பெருந்துறையிலிருந்து: பில்ட் நடுவில் கரண்டு போனது. திரும்ப மேக் கொடுத்தால், துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் திட்டுகிறதுங்க.

கம்பைலர் எழுதி முடிக்காத ஆப்ஜெக்ட் கோப்பு (அப்படி ஒரு துண்டு) ஒன்று சுழி பைட்டில் கிடக்கும். மேக் நேரத்தை மட்டும்தான் பார்க்கும். கோப்பு புதிதாக இருப்பதால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். சுழி பைட் கோப்புகளைத் தேடி அழித்துவிட்டு மறுபடி கொடுங்கள். யூபிஎஸ் வாங்கும்வரை இதுதான் வழி.

கோவை, பட்டறைகளுக்கு மென்பொருள் செய்பவர்: உபுண்டு 22.04-இல் கட்டிய நிரல், பட்டறையின் டெபியன் 11 மிஷினில் 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்கிறது. கம்பைலர் பதிப்பைக் குறைத்தும் சரியாகவில்லை.

ஆகாதுங்க, பிரச்சினை கம்பைலரில் இல்லை. ஜிலிப்சி என்பது நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகம். உங்களிடம் 2.35, அங்கே 2.31. 2.34-இல் நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூற்றுக்கே புதுப் பதிப்பு முத்திரை விழுந்தது. அதனால் நாலு வரி நிரலும் 2.34-ஐக் கேட்கும். புதியதில் கட்டியது பழையதில் ஓடாது, பழையதில் கட்டியது பெரும்பாலும் புதியதில் ஓடும். உங்கள் கணினிக்குள்ளேயே தனிச் சூழலாக ஓடும் டெபியன் 11 கண்டெய்னர் ஒன்றை எடுத்து, அதற்குள் கம்பைலர் தொகுப்பான பில்ட்-எசென்ஷியல் போட்டுக் கட்டுங்கள். பட்டறை மிஷினில் கை வைக்கவே வேண்டியதில்லை.