பதில்: எல்லாவற்றையும் சேர்த்தால் 0.05 தான் வருகிறது

வணக்கம் தங்கச்சி. நெறிமுறைச் சூழலுக்கும் (வேலையிடத்தில் எது சரி, எது தவறு என்று ஊழியர்கள் பொதுவாக உணரும் விதம்) வேலைத் திருப்திக்கும் உள்ள கொரிலேஷன்களை (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு) மெட்டா பகுப்பாய்வில், அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாக்கும் கணக்கில், சேர்த்தால் கிட்டத்தட்ட பூச்சியம் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். எக்செலில் பிழை இல்லை. நீங்கள் சேர்த்த விதத்தில்தான் சிக்கல்.

ஆய்வாளர்கள் விக்டரும் கல்லனும் 1988இல் காட்டிய ஐந்து வகைச் சூழல்களும் ஒரே அளவுகோலின் புள்ளிகள் அல்ல. ‘அக்கறை’ச் சூழல் திருப்தியோடு கூடவே ஏறும். ‘தன்னலம்’ எதிர்ப்பக்கம் இழுக்கும். உதாரணத்துக்கு, 0.35ஐயும் −0.25ஐயும் சராசரி எடுத்தால் 0.05. உப்பையும் சீனியையும் ஒரே டப்பாவில் கொட்டின மாதிரி! மார்ட்டினும் கல்லனும் 2006இல் செய்த மெட்டா பகுப்பாய்வைப் பாருங்கள், வகை வகையாகத்தான் பிரித்திருக்கிறார்கள். நீங்களும் ஐந்து தாளாகப் பிரியுங்கள்.

பிரித்தால் இன்னொரு தொல்லையும் போகும். ஒரே 200 பேரிடம் எடுத்த ஐந்து கொரிலேஷனை இப்போது ஐந்து ஆய்வாக எண்ணுகிறீர்கள், அதாவது 1000 பேர்!

அப்புறம் அல்ஃபா திருத்தம். அல்ஃபா என்பது ஓர் அளவுகோலின் கேள்விகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மை எண். கொரிலேஷன் 0.30, இரண்டு அளவுகோல்களின் அல்ஃபா 0.80, 0.75 என்றால், அவற்றின் பெருக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 0.39 வரும். அல்ஃபா போடாத கட்டுரையைத் தூக்கி எறிய வேண்டாம், மற்றவற்றின் சராசரியை வைக்கலாம்.

எந்தக் கணக்கு மாடல்? ரேண்டம் எஃபெக்ட்ஸ்தான், அதாவது உண்மையான தொடர்பே ஆய்வுக்கு ஆய்வு வேறுபடலாம் என்று எடுக்கும் மாடல். வங்கியும் ஆஸ்பத்திரியும் ஒன்றாகுமா?

திருகோணமலைத் துறைமுகத்தில் நீங்களே எடுத்த கேள்விக்கொத்தையும் சேர்க்கலாம். ஆனால் அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முடிவையும் போடுங்கள், கோணேசபுரி கம்பஸில் (கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம்) வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கட்டாயம் கேட்பார்கள்.