ஜுராவின் மஞ்சள் ஒயின்: கேள்வி பதில்

கேள்வி: பீப்பாயில் ஒயின் குறையக் குறைய நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பார்கள். ஜுராவில் ஏன் அப்படியே விடுகிறார்கள்?

பதில்: எல்லா ஒயினுக்கும் இல்லை, வான் ஜோன் எனும் மஞ்சள் ஒயினுக்குத்தான். பிரான்ஸின் கிழக்கே, ஸ்விஸ் எல்லைப் பக்கம் இருக்கிறது ஜுரா. சவன்யான் என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து மட்டுமே இதைச் செய்வார்கள். ஒயின் ஆவியாகிக் குறையும்போது மேலே ஈஸ்ட் ஆடை படர்கிறது. அதுதான் காவல். காற்றைக் கொஞ்சமாக உள்ளே விடும், வினிகராகப் புளிக்கவிடாது. அறுவடைக்குப் பின் ஆறாவது ஆண்டு டிசம்பர் 15 வரை பீப்பாயில் கிடக்க வேண்டும். அதில் 60 மாதமாவது ஆடையின் கீழ். எல்லாப் பீப்பாயும் தேறாது. நடுவில் புளிப்பு ஏறியதை ஒதுக்கிவிடுவார்கள். விலை ஏன் அவ்வளவு என்று இனி யாரும் கேட்க மாட்டீர்கள்!

கேள்வி: பாட்டிலில் 620 மில்லிதான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. இந்த ஒயினை அடைக்கும் கிளாவ்லான் என்ற பாட்டிலின் அளவே அதுதான். ஒரு லிட்டர் ஊற்றினால் இத்தனை வருஷம் கழித்து மிஞ்சுவது அவ்வளவு என்பது ஊர்க்கணக்கு.

கேள்வி: திறந்ததும் மசாலா வாடை. கெட்டுவிட்டதோ?

பதில்: கொட்டிவிடாதீர்கள்! அது சோட்டோலான் என்ற சேர்மம். வெந்தயத்தின் மணமும் அதனால்தான். நம் மூக்குக்குப் பழகியதே. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் ஒன்றும் தெரியாது. 15 டிகிரி வாக்கில், கோம்ட்டே சீஸோடு குடித்துப் பாருங்கள். சீஸ் இல்லாமல் முதல் மடக்கு பலருக்குப் பிடிப்பதில்லை. மூடி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும், அவசரம் வேண்டாம்.

கேள்வி: நான் ரெட் மட்டும்தான் குடிப்பேன்.

பதில்: ஜுராவின் பூல்சார் என்ற ரெட்டைப் பாருங்கள். ரோஸே எனும் இளஞ்சிவப்பு ஒயின் என்று நினைக்கும் அளவுக்கு வெளிர் நிறம். கொஞ்சம் அழுத்தம் வேண்டுமென்றால் துரூசோ என்ற இன்னொரு ரெட். அங்கே ரெட்டை முதலில் ஊற்றி, வெள்ளையைப் பிறகுதான் கொடுப்பார்கள்.

கேள்வி: லூயி பாஸ்டருக்கும் ஜுராவுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: ஜுராவில் இருக்கும் ஆர்புவா என்ற ஊரில் வளர்ந்தவர். 1874இல் அதனருகே ஒரு திராட்சைத் தோட்டமும் வாங்கினார்.

கேள்வி: 1774ஆம் வருஷத்து மஞ்சள் ஒயின் பாட்டில் ஏலம் போனதாமே?

பதில்: ஆமாம், 2018இல். 1,03,700 யூரோ.

கேள்வி: 2001 ஷாத்தோ ஷலோன் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது மஞ்சள் ஒயினுக்கே பேர்போன கிராமம். அந்த வருஷத் திராட்சை தரமில்லை என்று அவர்களே அந்தப் பெயரில் ஒயின் போடவில்லை. 1974, 1980, 1984இலும் அதே கதை.