‘அலவன்ஸ்’ என்று எழுதினால் சம்பளம் இல்லை என்றாகிவிடுமா?

கேள்வி: ஓய்வுபெற்ற தோட்டக் கிராணியான (எழுத்தரான) நான், மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பதிவுபெற்ற நலச் சங்கம் ஒன்றின் பொருளாளராக இருக்கிறேன். எங்கள் டியூஷன் வகுப்பில் மூன்று ஆசிரியைகள் வாரத்துக்கு 25 மணி நேரம் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு மாதம் 700 வெள்ளி (ரிங்கிட்) ‘அலவன்ஸ்’ தருகிறோம். 18 மாதங்களாகச் சேமநிதியும் சொக்சோவும் (ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டவில்லை. மாணவர் உதவிக்கென்று ஒரு நிறுவனம் தந்த பணத்திலிருந்து இரண்டு மாத அலவன்ஸாக 4,200 வெள்ளியைத் தலைவர் கொடுக்கச் சொன்னார். அதை 555 புத்தகம் என்ற சிறு குறிப்பேட்டில் மட்டும் குறித்திருக்கிறேன். வெற்றுக் காசோலைகளிலும் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்துள்ளேன். கேட்டால் “இது சேவைதானே” என்கிறார். எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: ஐயா, வரும். ஆனால் நீங்களே முன்வந்து சரிசெய்தால் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

பெட்ரோல் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு விரும்பிய நாளில் வந்து உதவுபவர்தான் தொண்டர். நேர அட்டவணை போட்டு, என்ன பாடம் நடத்த வேண்டும் என்று சொல்லி, மாதந்தோறும் ஒரே தொகையைக் கொடுத்தால், வவுச்சரில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் அது சம்பளமே. 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத்தின் 101சி பிரிவு, எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாத நிலையில், ஒருவரின் வேலை நேரமும் செய்யும் முறையும் மற்றவரின் கட்டுப்பாட்டில் இருந்தால், வேலை செய்பவரை ஊழியராகவே அனுமானிக்கச் சொல்கிறது. அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் சங்கத்துடையது.

சம்பள அளவையும் பாருங்கள். வாரத்துக்கு 25 மணி என்றால் மாதத்துக்குச் சுமார் 108 மணி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானபோது மணிக்கு 8 வெள்ளி 17 சென் என்று வகுக்கப்பட்டது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்போருக்கும் அது 2025 ஆகஸ்ட் முதல் கட்டாயம். அந்தக் கணக்கில் ஓர் ஆசிரியைக்கு ஏறக்குறைய 885 வெள்ளி சேர வேண்டும். நீங்கள் தருவது 700.

சேமநிதியில் முதலாளி பங்கு 13 விழுக்காடு, ஊழியர் பங்கு 11 விழுக்காடு. கொடுத்த 700 வெள்ளிக்கு மட்டும் கணக்கிட்டாலே ஆளுக்கு மாதம் 168 வெள்ளி. 18 மாதங்களுக்கு, மூவருக்கும் சேர்த்து 9,072 வெள்ளி. தாமதக் கட்டணமும் இலாப ஈவும் தனி. பிடிக்காமல் விட்ட ஊழியர் பங்கை இப்போது அவர்கள் சம்பளத்திலிருந்து மொத்தமாகப் பிடிக்க முடியாது. பெரும்பாலும் சங்கம்தான் சுமக்க வேண்டியிருக்கும். கட்டத் தவறுவது மூன்றாண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். உங்களை நேரடியாகத் தொடுவது 1991ஆம் ஆண்டுச் சேமநிதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு: கட்டாத தொகைக்குச் சங்கத்தோடு அதன் பொறுப்பாளர்களும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவர். தலைவர் சொன்னார் என்பது அங்கே விடையாகாது.

எனக்கு அதிகக் கவலை தருவது அந்த 4,200 வெள்ளிதான். மாணவருக்கென்று வாங்கிய பணத்தைச் சம்பளத்துக்குத் திருப்புவது, யாரும் சொந்தமாக எடுக்காவிட்டாலும், நம்பி ஒப்படைத்ததை மீறுவதாகும். மறைத்தால் அது நேர்மையற்ற நோக்கமாகப் பார்க்கப்பட்டு, நம்பிக்கை மோசடி என்ற குற்றவியல் வழக்கு வரை போகலாம். அந்த 555 புத்தகத்தைக் கிழித்துவிடாதீர்கள். தேதியோடு உங்கள் கையெழுத்தில் இருக்கும் அந்தப் பக்கம்தான் நீங்கள் ஒளிக்கவில்லை என்பதற்குச் சான்று. அதைச் சங்கக் கணக்கேட்டில் மாணவர் நிதிக்குத் தர வேண்டிய கடனாகப் பதியுங்கள். நன்கொடை தந்த நிறுவனத்துக்கு உள்ளதைச் சொல்லி, திருப்பி வைக்கும் காலக்கெடுவுடன் கடிதம் எழுதுங்கள்.

கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளை இன்றே திரும்பக் கேளுங்கள். தராவிட்டால், அவற்றின் எண்களைக் குறிப்பிட்டுப் பணம் வழங்குவதை நிறுத்தும்படி வங்கிக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

கேள்வி கேட்கும் ஆசிரியையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் உடன்படாதீர்கள். நியாயமின்றி நீக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின்கீழ் முறையிடலாம். தொழிற்றுறை நீதிமன்றம் வரை போனால், மாணவருக்குச் சேர வேண்டிய பணம் அங்கே கரைந்துபோகும்.

செயலவைக் கூட்டத்தைக் கூட்டும்படி செயலாளருக்கு எழுதி, மேற்சொன்ன கணக்கை அங்கே முன்வைத்து, உங்கள் கருத்தைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். சங்கத்தை முதலாளியாகச் சேமநிதி வாரியத்திலும் சொக்சோவை நடத்தும் பெர்கேசோவிலும் பதிந்து, நிலுவையைத் தவணையில் கட்ட அனுமதி கேளுங்கள்; இனி ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். ஆண்டுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் சங்கப் பதிவதிகாரிக்கு அனுப்பும் கணக்கறிக்கையில் இந்த நிலுவையும் அந்தக் கடனும் இடம்பெற வேண்டும். செயலவை மறுத்தால், அந்த அறிக்கையில் கையெழுத்திடாமல், காரணத்தை எழுதிப் பதவி விலகுங்கள். கடிதத்தின் நகலில் செயலாளரிடம் பெற்றுக்கொண்ட ஒப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.