தள்ளிவைத்த ஜூனியர் ஃபார்முலா பந்தயத்தைப் பிறகு நடத்திவிட்டார்களே, பையன்களுக்கு அதில் என்ன இழப்பு?

நீங்கள் கேட்டிருப்பது நியாயமான கேள்விதான். 2020இல் கொரோனாவால் நின்ற பந்தயங்களில் பல அதே ஆண்டில் வேறு தேதியில் நடந்தன, ஃபார்முலா 3 சீசன் முழுதாகவே முடிந்தது, அப்படியிருக்க இளம் ஓட்டுநர்கள் ஒரு வார இறுதியை இழந்ததைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்று கேட்கிறீர்கள். எனக்குச் சொந்த ஊர் கோவை, வேலை தென்னாப்பிரிக்காவில், ஜோஹானஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவில் உள்ள மிட்ராண்டில். கியாலாமி டிராக் இங்கேதான் இருக்கிறது. 1993க்குப் பிறகு ஃபார்முலா 1 இந்தப் பக்கம் வரவில்லை என்றாலும் உள்ளூர்ப் பந்தயங்கள் நிற்கவில்லை. அப்படி ஒரு உள்ளூர்ப் பந்தயம் நின்றுபோனதைப் பக்கத்து வீட்டுப் பையன் மூலமாகக் கூட இருந்து பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

அந்தக் குடும்பம் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்தவர்கள். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்களின் நான்காவது, ஐந்தாவது தலைமுறை. வீட்டில் பேசுவது ஆங்கிலம். ஆனால் ஆயா, அதாவது பையனின் பாட்டி, நல்ல தமிழ் பேசுவார், பையனுக்கும் அவரிடமிருந்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அப்பா கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில் செய்பவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 2006இல் டர்பன் கடற்கரைத் தெருக்களை அடைத்து ஏ1 கிராண்ட் பிரீ என்ற நாடுகளுக்கிடையிலான கார் பந்தயம் நடத்தினார்களே, அதைக் கம்பி வேலி ஓரமாக நின்று பார்த்தவர். அந்தச் சத்தம் காதிலிருந்து போகவே இல்லை என்பார். பையனை 9 வயதில் கார்ட்டிங்கில் விட்டார். நான் பந்தய ஓட்டுநர் கரிவரதன் கார் செய்த ஊரில், செட்டிபாளையம் டிராக்கில் வெயிலில் நின்று வளர்ந்தவன், தொழிலும் மெக்கானிக்கல். பக்கத்து வீட்டு கராஜில் ஒரு ஃபார்முலா கார் நின்றால் சும்மா இருக்க முடியுமா? டயர் காற்று பார்ப்பதில் தொடங்கி, சனி ஞாயிறு முழுக்க அங்கேதான் இருந்தேன்.

2020 தொடக்கத்தில் பையனுக்கு 16. அண்ணன் சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு பழைய 1600 சிசி ஒற்றை இருக்கை கார் வாங்கினார். முன்னும் பின்னும் இறக்கை கிடையாது, ஒல்லியான டயர், கால் நீட்டிப் படுத்த மாதிரி உட்கார வேண்டும். ஃபார்முலா 1க்குப் போகும் ஏணியில் முதல் படி அது. அதற்கு மேல் ஃபார்முலா 4, 3, 2 என்று போகும். ஒரு வருடம் இங்கே ஓட்டிப் பழகிவிட்டு அடுத்த வருடம் வெளிநாட்டில் ஒரு ஃபார்முலா 4 காரில் ஒருநாளாவது டெஸ்ட் (சோதனை ஓட்டம்) ஓட்ட வைப்பது என்று கணக்கு. அந்த ஒருநாளுக்குத் தனியாக ஒரு கணக்குப் புத்தகமே வைத்திருந்தார்.

மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை. அடுத்த சனிக்கிழமை அவனுடைய முதல் பந்தயம். அன்றைக்குச் சாயங்காலம் சீட் ஊற்றினோம். இது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இந்த மாதிரி கார்களில் இருக்கை கடையில் வாங்குவதில்லை, ஓட்டுபவனின் முதுகுக்கு அச்சு எடுப்பது மாதிரி ஊற்றிச் செய்வது. குப்பைக்குப் போடும் கனமான கறுப்புப் பையை இரண்டு மடிப்பாக காருக்குள் விரித்து, பையன் பந்தய உடையோடு அதன் மேல் உட்கார, இரண்டு திரவங்களை வாளியில் கலந்து வேகமாகப் பைக்குள் ஊற்ற வேண்டும். சில நொடிகளில் இட்லி மாவு பொங்குகிற மாதிரி பொங்கி முதுகு, விலா, தொடை என்று எல்லா இடுக்கிலும் ஏறும். இறுகும்வரை அசையக் கூடாது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, பெடலில் கால் வைத்தபடி, பந்தயத்தில் எப்படி இருப்பானோ அப்படியே இருக்க வேண்டும். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் நான், பை சரியாமல் பிடித்துக்கொண்டு நின்றோம். "சூடாகுது அங்கிள்" என்றான். அது சூடாகத்தான் செய்யும், கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொள் என்றேன். கால்மணி நேரம் கழித்து அவனைக் கையைப் பிடித்துத் தூக்கினால், அவன் முதுகெலும்பு உட்பட அப்படியே பதிந்த ஒரு சீட். ஓரங்களை ரொட்டிக் கத்தியால் அறுத்துச் சீராக்கி வெள்ளி டேப் சுற்றிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து டிவி சத்தம் கேட்டது. ஜனாதிபதி ரமபோசா பேசிக்கொண்டிருந்தார்.

தேசியப் பேரிடர் நிலை அறிவிப்பு. 100 பேருக்கு மேல் கூடத் தடை. பள்ளிகள் அந்த வாரமே மூடல். நாட்டில் முதல் தொற்று உறுதியாகி அன்றைக்குப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதுவும் குவாசூலு நட்டாலில், இவர்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் பக்கம், அதனால் வீட்டில் ஏற்கனவே ஒரு கலவரம். அண்ணன் முதலில் சொன்னது, "பார்வையாளர் இல்லாமல் ஓட்டுவார்கள், பார்." நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு உள்ளூர்ப் பந்தய நாளில் பார்வையாளர் ஒருவர்கூட வராவிட்டாலும், ஓட்டுநர்கள், ஒவ்வொருவரோடும் இரண்டு மூன்று பேர், கொடி காட்டும் மார்ஷல்கள், பரிசோதகர்கள், டாக்டர், ஆம்புலன்ஸ் ஆட்கள் என்று எண்ணினால் 100 எப்போதோ தாண்டிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், ஆம்புலன்ஸும் டாக்டரும் டிராக்கில் நிற்காமல் ஒரு காரையும் வெளியே விட முடியாது. அந்த நேரத்தில் அவர்கள் இருக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. இரண்டு நாளில் செய்தி வந்தது, நிகழ்ச்சி தள்ளிவைப்பு, தேதி பின்னர். சரியான முடிவு. இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைக் கேட்டு அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை, ட்ரெய்லரில் காரைக் கட்டியிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான்.

மார்ச் 26 நள்ளிரவிலிருந்து முழு ஊரடங்கு. 21 நாள் என்றார்கள், நீண்டுகொண்டே போனது. தென்னாப்பிரிக்க ஊரடங்கு எவ்வளவு கடுமை என்பது வெளியே பலருக்குத் தெரியாது. ஓடுவதற்கோ நாயை நடத்திப் போவதற்கோகூட வாசலைத் தாண்ட முடியாது, சிகரெட் மது விற்பனைக்குத் தடை. எனக்கும் அந்த கராஜுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்தான், ஆனால் போக முடியாது. போனில் சொல்லச் சொல்ல அவன் பிளக்குகளைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இஞ்சினைக் கையால் சுற்றி, பேட்டரியைக் கழற்றி, டயரில் பாரம் இறங்காமல் ஸ்டாண்டில் ஏற்றி வைத்தான். சாயங்காலம் ஆனால் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடி சுற்று ஓட்டுவானாம். கியர் மாற்றும் சத்தத்தை வாயால் போடுவது சமையலறை வரைக்கும் கேட்கிறது என்று ஆயா சொல்லுவார். "காரு எப்பத்தான் ஓடும் தம்பி?" என்று வாரத்துக்கு ஒருதரம் போனில் என்னைக் கேட்பார். அந்த வருடம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழாவுக்குக்கூடப் போக முடியாத ஆள் அவர், அதைவிட இதைத்தான் அதிகம் கேட்டார்.

அண்ணனுக்கு ஏப்ரலில் இருந்த கல்யாணம் அத்தனையும் ரத்து. முன்பணம் திருப்பிக் கொடுக்க வேண்டும். டெஸ்டுக்கு என்று வைத்திருந்த கணக்குப் புத்தகம் அப்போதுதான் திறந்தது.

இப்போது ஐரோப்பாவுக்கு வருகிறேன், உங்கள் கேள்வி அதைப் பற்றியதுதானே. ஃபார்முலா 2, ஃபார்முலா 3 பையன்கள் மார்ச் முதல் வாரம் பஹ்ரைனில் டெஸ்ட் ஓட்டினார்கள். அங்கேயே மார்ச் 20 முதல் 22 வரை முதல் பந்தயம். 13ஆம் தேதி, மெல்போர்னில் ஃபார்முலா 1 ரத்தான அன்றே பஹ்ரைனும் தள்ளிப்போனது. மறுபடி கார் ஓடியது ஜூலை 3, ஆஸ்திரியாவில், காலி மேடைகளுக்கு முன்னால். பஹ்ரைனில் ஓட்டிப் பழகியதெல்லாம் ஃபார்முலா 3 ஆட்களுக்கு அந்த வருடம் பயன்படவே இல்லை, அவர்கள் அங்கே திரும்பிப் போகவே இல்லை. ஆனாலும் 9 பந்தய வார இறுதிகள் நடந்தன, ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் 13க்குள், 11 வாரத்தில். அந்த முதல் பந்தயத்தை நானும் பையனும் அவரவர் வீட்டு டிவியில் பார்த்தோம், போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு. ஜெயித்தது ஆஸ்கர் பியாஸ்ட்ரி. சீசன் முடிவில் அவருக்கு 164 புள்ளி, பூர்ஷேருக்கு 161, சார்ஜன்ட்டுக்கு 160. கடைசி நாள் முஜெல்லோவில்தான் முடிவானது. நாலு புள்ளிக்குள் மூன்று பேர் நிற்கும்போது, இரண்டு பந்தயம் கொண்ட ஒரு வார இறுதி இடம் மாறினாலே பட்டம் யாருக்கு என்பதே மாறியிருக்கலாம். பியாஸ்ட்ரி மறு வருடம் ஃபார்முலா 2 பட்டமும் வாங்கி 2023இல் மெக்லாரனில் உட்கார்ந்துவிட்டார். அவர் திறமைசாலி, அதில் சந்தேகமே இல்லை. நான் சொல்வது, அவருக்கு ஓடுவதற்கு ஒரு சீசன் இருந்தது.

எங்கள் பக்கம் பாருங்கள். அந்த 11 வாரமும் தென்னாப்பிரிக்காவின் எல்லை மூடியிருந்தது, பன்னாட்டுப் பயணம் மெல்லத் திறந்தது அக்டோபர் 1இல். அதாவது அங்கே பட்டம் கொடுத்து முடித்த பிறகு. இங்கிருந்து யாராவது அந்த ஐரோப்பியக் கோடையில் ஒரு அணியிடம் டெஸ்ட் கேட்டிருந்தால், பணமும் திறமையும் இருந்தும் விமானம் ஏற முடியாது. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ, ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசன்ஸ் விதியைத் தளர்த்தியது உண்மை. வழக்கமாக மூன்று வருடத்தில் 40 புள்ளி வேண்டும், பெருந்தொற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடைசி நாலு வருடத்தில் சிறந்த மூன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஏணியின் உச்சியில் நிற்பவனுக்கு அது பெரிய உதவி. முதல் படியில் கால் வைக்கப் போனவனுக்கு எந்தப் புள்ளியைக் காப்பாற்றிக் கொடுப்பது?

எங்கள் பந்தயம் செப்டம்பரில் நடந்தது. ஹைவெல்ட் என்கிற எங்கள் மேட்டுநிலத்தில் குளிர் முடிந்து, காய்ந்த புல் எரித்த வாசனை இன்னும் போகாத நேரம். வாசலில் காய்ச்சல் பார்த்து, பெயர் எழுதி, ஒரு காருக்கு இத்தனை பேர்தான் என்று எண்ணி விட்டார்கள், ஆயாவும் அம்மாவும் வீட்டில். காரைப் பரிசோதனைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பரிசோதகர் பையனை உள்ளே உட்காரச் சொல்லி, ஹெல்மெட் மாட்டச் சொல்லி, பின்னால் இருக்கும் கவிழ்ப்பு வளையத்திலிருந்து முன்வளையம் வரை ஒரு நேரான கம்பியை வைத்தார். ஹெல்மெட் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், கார் கவிழ்ந்தால் தலை தரையில் படக் கூடாது என்பதற்காக. கம்பி ஹெல்மெட் மேல் உட்கார்ந்தது. ஆறு மாதத்தில் பையன் இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தான். நான் தினமும் பார்க்காததால் தெரியவில்லை, தினமும் பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை.

சீட்டை வெளியே எடுத்து, பக்கியின் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) பின்பலகையில் கவிழ்த்துப் போட்டு, அண்ணனும் நானும் அடியிலிருந்து நுரையைச் சுரண்டினோம். மார்ச் மாதத்து முதுகு அதில் அப்படியே இருக்கிறது, அந்த முதுகு இப்போது இல்லை. உயரம் சரியானது, ஆனால் இடுப்பு இறங்கியதில் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. புதிதாக ஊற்றச் சாமான் இல்லை, பணமும் இல்லை. அப்படியே ஓட்டினான். இடதுபக்க வளைவுகளில் கை முழுதாகத் திரும்பவில்லை என்று இறங்கிய பிறகுதான் சொன்னான், முழங்கால் உட்பக்கம் தோல் உரிந்திருந்தது. இரண்டு பந்தயமும் முடித்தான், நடுவாந்தரமான இடம். ஆயா வீடியோ காலில் கார் போவதைப் பார்த்துவிட்டு, "ஓடிட்டுது" என்றார்.

பெரியவர்கள் பந்தயத்தில் தள்ளிவைப்பது என்றால் தள்ளிவைப்பதுதான், 30 வயது ஓட்டுநர் ஆறு மாதம் கழித்தும் அதே ஆள், அதே சீட், அதே ஒப்பந்தம். 16 வயதுக்காரனுக்கு அந்த ஆறு மாதத்தில் உடம்பு மாறுகிறது, அவனுக்குச் செலவழிக்கும் அப்பாவின் தொழில் மாறுகிறது, அவனைவிட ஒரு வயது சின்னவன் கீழிருந்து வந்துவிடுகிறான். பந்தயம் திரும்ப வந்தது, அதற்காகக் காத்திருந்த பையன் அங்கே இல்லை. இதைத்தான் இழப்பு என்று சொல்கிறோம்.

கார் 2021இல் விற்றுப் போனது. அண்ணனுக்குத் தொழில் மறுபடி எழுந்துவிட்டது, கடனில்லை, வீட்டில் எல்லோரும் நலம், அந்த வருடங்களில் அதுவே பெரிது. பையன் இப்போது மெக்கானிக்கல் படிக்கிறான். சனிக்கிழமைகளில் டிராக்குக்குப் போய்ச் சின்னப் பையன்களின் கார்களுக்கு வேலை செய்து கொடுக்கிறான். சீட் ஊற்றும் நாள் என்றால் எனக்குப் போன் வரும், பை பிடிக்க இரண்டாவது ஆள் வேண்டும் என்று. பந்தயம் நடப்பது உறுதியான பிறகு, முந்தைய வாரம்தான் ஊற்றுவான், அதற்கு முன்னால் எவ்வளவு கெஞ்சினாலும் மாட்டான்.