எண்ணூர்க் காற்றும் செராமிக் கோட்டிங்கும்: கேள்வி பதில்

கார் பெயிண்டின் மேல் செராமிக் கோட்டிங் (தடவியதும் கண்ணாடி போல இறுகி மெல்லிய காப்பாக நிற்கும் திரவம்) பூசுவது, பாட்டிலில் மீந்ததைப் பத்திரமாக வைத்திருப்பது பற்றி ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் வரை பலரும் கேட்டிருக்கிறீர்கள். டிங்கரிங், பெயிண்டிங் வேலைதான் என் தொழில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (திருவொற்றியூர்): ஐயா, கோட்டிங் போட்டால் கல் பட்டாலும் கீறல் விழாது, ‘9எச்’ கடினம் என்று கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். 9எச் என்பது பென்சில் சோதனையின் அளவு. பென்சில் முனையை அழுத்தி இழுத்து, எந்தப் பென்சில் வரை கோடு விழவில்லை என்று குறிப்பார்கள். அந்த வரிசையின் கடைசிப் பென்சில் 9எச். பென்சிலைத் தாங்குவது வேறு, மணலைத் தாங்குவது வேறு. மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். கம்பெனி பெயிண்டின் மேலிருக்கும் கிளியர் கோட் என்கிற நிறமற்ற பூச்சு ஏறக்குறைய 40, 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமன். கோட்டிங் காய்ந்த பிறகு பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான்தான் நிற்கும். மணலி விரைவு சாலையில் கன்டெய்னர் லாரியின் டயரிலிருந்து தெறிக்கும் ஜல்லியை அது எப்படித் தடுக்கும்? அதற்கு வேண்டியது ஒட்டும் படலமான பி.பி.எஃப். கோட்டிங் போட்டால் தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு எளிதில் கழன்றுவிடும், காக்கை எச்சம் உடனே பெயிண்டை அரிக்காது, வெயிலில் நிறம் மங்குவது தாமதமாகும். இவற்றுக்காக என்றால் தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி (எண்ணூர்): தினமும் காலையில் காரின் மேல் சாம்பல் படிந்திருக்கிறது. ஓட்டுநர் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். கோட்டிங் போட்ட பிறகு இப்படித் துடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. நம் பகுதியில் பெயிண்டைக் கெடுப்பதில் இந்தக் காலைத் துடைப்புக்குத்தான் முதலிடம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அனல் மின் நிலையச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். பல உப்புத்தாள்களில் ஒட்டியிருக்கும் துகளும் அலுமினாதான். அதோடு கடல் உப்பு, இரவுப் பனி எல்லாம் சேர்ந்து இறுகியிருக்கும் நேரத்தில் துணியால் தேய்த்தால் என்ன ஆகும்? இரவில் ஒரு டார்ச் விளக்கைப் பானெட்டின் மேல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். கறுப்பு வண்டியில் பார்க்கவே மனம் வருந்தும். அத்தனையும் துடைத்தவர் கைவேலை.

முதலில் மேலிருந்து கீழாகத் தண்ணீர் விட்டுச் சாம்பலை ஓட விடுங்கள். பிறகு இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். அன்று தண்ணீர் இல்லையென்றால் சாம்பலோடே போகட்டும். முன் கண்ணாடியில் மட்டும் தண்ணீர் அடித்து வைப்பரை ஓட்டினால் போதும். அழுக்கான வண்டிக்குக் கவர் போடுவதும் தவறு. காற்றில் கவர் அசைய அசைய உள்ளே சாம்பல் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி (கொளத்தூர்): நானே வீட்டில் பூச நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது, அண்ணா?

பதில்: தம்பி, பூசுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்வதில்தான் பலன் இருக்கிறது. கோட்டிங் அடியில் உள்ளதை அப்படியே மூடி வைத்துவிடும். அழுக்கோ வட்டக் கோடோ இருந்தால் அதுவும் பளபளப்போடு உள்ளே சிக்கிக்கொள்ளும்.

நன்றாகக் கழுவிய பிறகு தார்ப் புள்ளிகளை எடுங்கள். அடுத்து இரும்புத் துகள். பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில் பாதையை ஒட்டி வண்டி நிறுத்துபவர்களுக்கு இது அதிகம், பிரேக்கிலிருந்தும் வரும். அயர்ன் ரிமூவர் தெளித்தால் வெள்ளை வண்டியில் ஊதா நிறத்தில் கசிந்து ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதைக் காய விடாமல் நிழலில் வைத்துக் கழுவிவிடுங்கள். பிறகு க்ளே, அதாவது ஒட்டியிருக்கும் அழுக்கைத் தேய்த்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி. உள்ளங்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இல்லாமல் வழுக்க வேண்டும். கீறல் இருந்தால் பாலிஷ் போட்டு, கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலவையால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுங்கள்.

இனிப் பூசலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவு மட்டும். நான்கைந்து சொட்டு போதும். குறுக்கும் நெடுக்குமாகத் தடவுங்கள். சிறிது நேரத்தில் எண்ணெய்ப் படலத்தில் தெரிவது போன்ற வானவில் நிறம் ஓடும். அதுதான் துடைக்கும் நேரம். ஒரு துணியால் அழுத்தாமல் துடைத்து, இன்னொரு துணியால் மெருகேற்றி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே பக்கத்து இடத்துக்குப் போங்கள். 24 மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. ஒரு வாரம் ஷாம்பூ வேண்டாம்.

கேள்வி (காசிமேடு): பாட்டிலில் மூன்று நிமிடம் விட்டுத் துடைக்கச் சொல்லியிருக்கிறது. அதற்குள் இறுகிப்போய், துடைக்கவே முடியவில்லை. சரக்கு கெட்டுப்போனதா?

பதில்: சரக்கில் குறை இருக்க வேண்டியதில்லை. கோட்டிங் வெறுமனே உலர்வதில்லை. அதிலுள்ள கரைப்பான் ஆவியான பிறகு, மீதியிருக்கும் சிலிக்கான் சேர்மம் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. கடலுக்கு எதிரிலேயே குடியிருக்கிறீர்கள், ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வெப்பமும் சேர்ந்தால் மூன்று நிமிடம் ஒரு நிமிடமாகிவிடும், சில நாளில் அதற்கும் குறைவாக. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், வானவில் நிறத்தைப் பாருங்கள்.

அதிகாலையில் பனி ஈரம் மிகுதி, நண்பகலில் தகடு சுடும், அதன் பிறகு கடற்காற்று உப்போடு வந்துவிடும். எனக்குப் பிடித்த நேரம் காலை எட்டு முதல் பதினொன்று வரை, நிழலில். புறங்கையைத் தகட்டின் மேல் வைத்தால் சூடு தெரியக் கூடாது. முந்தின நாளே துடைத்துத் தயாராக்கிய வண்டியை இரவு முழுவதும் வெளியே விட்டு மறுநாள் பூசாதீர்கள். உப்பு படிந்திருக்கும்.

கேள்வி (தண்டையார்பேட்டை): பூசிய மறுநாள் கதவில் கருமையான திட்டுகள் தெரிகின்றன.

பதில்: அதிகமாக விழுந்து சரியாகத் துடைபடாத இடங்கள் அவை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் அதே கோட்டிங்கைச் சிறிது தொட்டு அதன் மேல் தேய்த்து, உடனே துடைத்தால் இளகி வந்துவிடும். மறுநாள் ஆகிவிட்டதால் பாலிஷ் போட்டு எடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் மீண்டும் பூசுங்கள். தின்னரைத் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி (வியாசர்பாடி): என் மகன் ஒரு கார் கழுவும் கடையில் இந்தப் பூச்சு வேலை செய்கிறான். இரவில் தலைவலி என்கிறான், துணியெல்லாம் ஒரே நெடி. துணி முகமூடி போட்டுக்கொள்கிறான். போதாதா?

பதில்: போதாது, அம்மா. துணி முகமூடியும் சரி, கொரோனா காலத்தில் போட்ட என்95 முகமூடியும் சரி, தூசியைத்தான் தடுக்கும். கரைப்பானின் ஆவி அதற்குள் புகுந்து போய்விடும். கரிம ஆவிகளை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் (வடிகட்டி) பொருத்திய ரப்பர் முகமூடி வேண்டும். முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் இடுக்கு வழியாக ஆவி நுழையும். போட்டிருக்கும்போதே நெடி தெரிந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றிவிட வேண்டும். வேலை முடிந்ததும் முகமூடியை இறுக்கமான பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். திறந்தே கிடந்தால் கார்ட்ரிட்ஜ் சும்மா இருக்கும்போதும் ஆவியை உறிஞ்சித் தீர்ந்துவிடும்.

தூசி வரக் கூடாது என்று கதவை மூடி ஏசி போட்டு வேலை வாங்குகிற கடைகள் உண்டு. அங்கே அதே காற்றுதான் திரும்பத் திரும்பச் சுற்றும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குனிந்து கீழ்க் கதவுக்குப் பூசுகிற பையன்தான் அதிகமாகச் சுவாசிக்கிறான். சில வகைக் கோட்டிங் இறுகும்போது அம்மோனியாவும் வரும், கண் எரியும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி இருக்க வேண்டும். கைக்கு நைட்ரைல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. இவற்றையெல்லாம் வாங்கிக் கொடுப்பது முதலாளியின் கடமை. மகன் கேட்கத் தயங்கினால் நீங்களே போய்க் கேளுங்கள். தலைவலி தொடர்ந்தால் ஒரு மருத்துவரிடம், என்ன வேலை என்பதையும் சொல்லிக் காட்டுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): 50 மில்லி பாட்டிலில் பாதி மீந்துவிட்டது. காரின் டிக்கியிலேயே வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு பயன்படுமா?

பதில்: முதலில் அதை டிக்கியிலிருந்து எடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் 50 டிகிரிக்கு மேல் ஏறுவது சாதாரணம். அது தீப்பற்றும் திரவம், மறந்துவிடாதீர்கள்.

அடுத்த ஆண்டு வரை தாங்காது. மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் நம் ஊர்க் காற்று உள்ளே போகிறது. அதிலுள்ள ஈரம் பாட்டிலுக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடும். திறந்த பாட்டிலைச் சில வாரங்களுக்குள் முடித்துவிடுங்கள். மூடுவதற்கு முன் கழுத்தையும் மரையையும் காகிதத்தால் துடையுங்கள். அங்கே தேங்கியது கண்ணாடித் துகளாக இறுகி, அடுத்த முறை சொட்டோடு விழுந்து பெயிண்டைக் கீறும். நிமிர்த்தி வைத்து, வெயில் படாத, அடுப்பு இல்லாத அறையில், பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள். திறந்த தேதியை மேலே எழுதி ஒட்டுங்கள்.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தாலோ, கூழாகியிருந்தாலோ, அடியில் துகள் தெரிந்தாலோ பூச வேண்டாம். பாட்டில் உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. முகத்தருகே வைத்துத் திறக்காதீர்கள். கெட்டதைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றவும் கூடாது. இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு வண்டிக்கு 30 மில்லி பாட்டிலாக வாங்குங்கள்.

கேள்வி (மாதவரம்): குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்?

பதில்: வேண்டாம். உணவு இருக்கும் இடம். வெளியே எடுத்துத் திறந்தால் குளிர்ந்த பாட்டிலில் ஈரம் கோத்துக்கொள்ளும். கசிந்தால் ஆவி மூடிய பெட்டிக்குள் சேரும். சுவிட்சின் ஒரு பொறி போதும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): சிறிய கடை வைத்திருக்கிறேன். தகரக் கூரை. நான்கு அட்டைப்பெட்டி கோட்டிங் மொத்தமாக வாங்கி அடுக்கியிருக்கிறேன்.

பதில்: தகரத்தின் கீழ் மதியம் எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். விற்றவரிடம் பாதுகாப்பு விவரத் தாளைக் கேட்டு வாங்கி, எந்த வெப்பத்தில் தீப்பற்றும், எவ்வளவு வெப்பம் வரை வைக்கலாம் என்பதைப் படியுங்கள். அந்தத் தாளைத் தராதவரிடம் நான் வாங்குவதில்லை. பெட்டிகளை வெல்டிங், கிரைண்டிங் நடக்கும் இடத்திலிருந்தும் சுவிட்ச் போர்டிலிருந்தும் தள்ளி, தரைமட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள்; மழை வெள்ளம் உங்கள் தெருவுக்குப் புதிதல்ல. உலர்பொடித் தீயணைப்பான் வாசலருகே இருக்கட்டும். பெட்டிகளுக்குப் பக்கத்தில் மாட்டினால் தீப்பிடிக்கும்போது எடுக்க முடியாது.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்திப் பூசுபவர்களும் இதைக் கவனியுங்கள். அங்கே ஈ.பி. மீட்டர் பெட்டியும் மோட்டார் ஸ்டார்ட்டரும் இருக்கும். மோட்டார் ஓடும் நேரத்தில் பூச வேண்டாம்.

கேள்வி (மீஞ்சூர்): துடைத்த மைக்ரோஃபைபர் துணியைத் துவைத்து மீண்டும் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. நாரில் ஊறிய கோட்டிங் இறுகிவிட்டால் அந்தத் துணியே கீறும். உருட்டிக் குப்பைக் கூடையில் திணிக்காமல், வெளியில் விரித்து முழுவதும் காயவிட்டுப் பிறகு போடுங்கள்.

கேள்வி (வண்ணாரப்பேட்டை): சின்னக் குழந்தைகள் உள்ள வீடு. தப்பித்தவறிக் குடித்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கரைப்பான் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலுக்கு ஆபத்து. பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இருமல் மருந்து பாட்டில்கள் இருக்கும் அலமாரியில் இதை வைக்கவே வைக்காதீர்கள். உருவம் ஒன்றுபோலவே இருக்கிறது.

கேள்வி (மூலக்கடை): கோட்டிங் போட்டும் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்க் கறை விழுகிறது.

பதில்: போர் தண்ணீரின் உப்பு. தண்ணீர் உருண்டு நிற்கும் இடத்தில் வெயில் பட்டால் உப்பு மட்டும் தங்கிவிடும். கழுவியதும் காயவிடாமல் துடையுங்கள். கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வடிகட்டிப் பயன்படுத்தலாம், அதில் உப்பு மிகக் குறைவு. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம்.

கேள்வி (புளியந்தோப்பு): போன வாரம்தான் என் ஆட்டோவுக்குப் புது பெயிண்ட் அடித்தேன். இப்போதே பூசலாமா?

பதில்: பொறுங்கள். பட்டறையில் அடித்த பெயிண்டிலிருந்து கரைப்பான் முழுவதும் வெளியேற வேண்டும். அடித்தவரிடம் கேளுங்கள். சூடேற்றிக் காயவைக்கவில்லை என்றால் ஒரு மாதம் விடுவது நல்லது.

கேள்வி (திருவொற்றியூர்): புதுக் கார் எடுக்கிறோம். வடிவுடையம்மன் கோயிலில் பூசை போட வேண்டும். பூசை முதலா, கோட்டிங் முதலா?

பதில்: பூசையை முடித்துவிட்டு வாருங்கள். சந்தனம், மஞ்சள், குங்குமம் இறுகாத கோட்டிங்கில் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும், கர்ப்பூரம் ஏற்றுவதும் அந்த வாரத்தில் ஆகாது. பொட்டைக் கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள். மாலையைப் பானெட்டில் போடுவதானால் அதைக் கட்டியிருக்கும் கம்பி பெயிண்டைத் தொடாதபடி அடியில் ஒரு துணியை விரியுங்கள்.