Re: வேலை போய் எட்டு மாதம், தேவதயவு என்னைவிட்டுப் போய்விட்டதா?

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். வேலை போனதைவிட, "பாவம் இருப்பதால்தான் தேவதயவு விலகிவிட்டது" என்று ஜெபக்குழுவில் சொன்னதே உங்களை அதிகம் உடைத்திருக்கிறது. அவர்கள் சொன்னது தவறு என்றே நினைக்கிறேன்.

வேதாகமத்தில் வரும் யோசேப்பைப் பாருங்கள். செய்யாத குற்றத்துக்காகச் சிறைக்குப் போனவர். ஆதியாகமம் 39:21 கர்த்தர் அவரோடு இருந்து, சிறைச்சாலைத் தலைவனின் தயவு கிடைக்கச் செய்தார் என்கிறது. கவனியுங்கள், தயவு வந்தது சிறைக்கு உள்ளேயே; கதவு அப்போது திறக்கவில்லை. அப்புறம், சிறையில் அவர் கனவுக்கு விளக்கம் சொல்லி உதவிய, எகிப்து ராஜாவான பார்வோனின் பானபாத்திரக்காரன் விடுதலையானதும் அவரை மறந்துபோனான், இன்னும் 2 வருடம் ஓடியது. சகோதரர்களால் அடிமையாக விற்கப்பட்டபோது வயது 17, பார்வோன் முன் நின்றபோது 30. நடுவிலிருந்த அந்த வருடங்களில் தேவன் அவரைக் கைவிட்டிருந்தார் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை.

பாவம் இருந்தால் அறிக்கையிடுங்கள், அவர் மன்னிப்பார். சரி, அது முடிந்தது. அதற்குமேல் தினமும் உங்களைத் தோண்டித் துருவ வேண்டாம்.

ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்றீர்களே, வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். வெறும் 6 வசனம்தான். "எதுவரைக்கும்" என்று தாவீது கர்த்தரிடமே திரும்பத் திரும்பக் கேட்கிறார். அழுதுகொண்டே கேட்டாலும் அது ஜெபம்தான்.

வீட்டுக் கஷ்டத்தை உங்கள் போதகரிடமோ, நம்பிக்கையான ஒரு சகோதரியிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த நேர்முகத்தேர்வு என்றைக்கு என்று இங்கே எழுதுங்கள், அன்று காலையில் உங்களுக்காக ஜெபிக்கிறேன்.