கிளிசரினில் வைத்த கருவிழியை அம்மாவுக்குப் பொருத்தலாமா?

கண்புரை அறுவைக்குப் பின் கருவிழி (கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிவான படலமான கார்னியா) வீங்கிப்போன உங்கள் தாயாருக்கு, தானமாகப் பெற்றுக் கிளிசரினில் பதப்படுத்திய கருவிழியைப் பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது பார்வையைத் தராது. கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக இருக்கும் எண்டோதீலியம் செல்களே நீரை இடைவிடாமல் வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. கிளிசரினில் அவை உயிர் பிழைப்பதில்லை. தொற்றால் துளை விழுந்த கண்ணைக் காப்பாற்றவே அத்தகைய திசு பெரிதும் உதவுகிறது.

தாயாரின் கருவிழி மாற்று அறுவை நாள் தள்ளிப்போவதற்குத் திசுத் தட்டுப்பாடே காரணமாக இருக்கக்கூடும். இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும் என்ற நிலையில், 2020 மார்ச் ஊரடங்கின்போது வீடுகளுக்குச் சென்று எடுப்பது பெருமளவு நின்றுபோயிருந்தது. அப்போது கொரோனாத் தொற்றோடு இறந்தவர்களின் கண்களும் ஏற்கப்படவில்லை. கிடைக்கும் திசுவையும் எம்.கே. என்ற பாதுகாப்புத் திரவத்தில் 4 நாட்களும், கார்னிசால் போன்ற பிற பாதுகாப்புத் திரவங்களில் சுமார் 14 நாட்களும்தான் வைத்திருக்க முடியும் என்பதால், துளை விழுந்த கண்களுக்கே முன்னுரிமை தருகிறார்கள். அது நியாயமானது என்றே கருதுகிறேன்.

மருத்துவக் குறிப்பில் நோயின் பெயரை ஒருமுறை பாருங்கள். ‘புல்லஸ் கெரட்டோபதி’ (எண்டோதீலியம் பழுதாகிக் கருவிழி வீங்கும் நோய்) என்றிருந்தால் மேலே சொன்னது பொருந்தும். உள்ளடுக்கு நலமாக இருந்து முன்பகுதியில் மட்டும் தழும்பு என்றிருந்தால், முன் அடுக்குகளை மட்டும் மாற்றும் ‘டால்க்’ முறையில் கிளிசரின் திசுவையும் பயன்படுத்த முடியும். அதைக் கட்டாயம் கேளுங்கள்.

திடீர் வலி, சிவப்பு, சீழ், பார்வைக் குறைவு ஆகியவற்றுள் எது தோன்றினாலும், கொடுத்த நாளுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.